தொழில் பாடம்: வந்தவர் மீண்டும் வர வேண்டும்

 

சென்ற இதழில் கடையின் வரவு செலவை எழுதி வைப்பது பற்றிப் பார்த்தோம். அந்த வரவைக் கொண்டு வருகிறவர் வாடிக்கையாளர். இந்த இதழில் அவரைப் பற்றிப் படிப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் தையல் மெஷின் வாங்கிய ஒரு சகோதரி, ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து, "மெஷினை நீங்களே எடுத்துக்கிட்டு வேற யாருக்காவது கொடுத்துடுங்க" என்றார். தவணை மூன்று மாதமாக நின்றிருந்தது. உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதும் சிரமமா என்று கேட்டோம். அப்படி எதுவும் இல்லை. தைக்கத் துணி வருவதில்லை, அவ்வளவுதான்.

பொறுமையாக விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. முந்தைய நோன்புப் பெருநாளுக்கு வந்த துணியையெல்லாம், யாரிடமும் முடியாது என்று சொல்ல மனமில்லாமல் வாங்கி வைத்திருக்கிறார். பிறை பார்த்த இரவு விடிய விடியத் தைத்தும் முடியவில்லை. பெருநாள் காலையில் சில வீட்டுப் பிள்ளைகள் பழைய உடுப்போடு நின்றார்கள். அந்த வீட்டுத் தாய்மார்கள் சண்டைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. அடுத்த முறை துணியை வேறு தெருவுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

இதில் எங்கள் குறையும் உண்டு. கடன் மனுவில் மெஷின் என்ன விலை, ஜாமீன் யார், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டோம். "உங்களிடம் யார் தைக்கக் கொடுப்பார்கள்? அவர்கள் மறுபடி வருவதற்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்கவில்லை. வட்டியில்லாக் கடன் என்பது சுழன்று வரும் பணம். ஒரு வீட்டு மெஷின் நின்றால், அந்தத் தவணையை நம்பி வரிசையில் காத்திருக்கும் அடுத்த வீட்டு மெஷினும் நிற்கிறது. ஆகவே இந்தப் பாடம் கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

பாடம் 1: பழைய வாடிக்கையாளரின் மதிப்பு

வியாபாரம் குறைந்துவிட்டது என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது விளம்பரம். நோட்டீஸ் அடிக்கலாமா, ஃபிளக்ஸ் கட்டலாமா, கேபிள் டிவியில் போடலாமா என்று யோசிக்கிறோம். அதற்கு முன் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குடும்பம் நம் மளிகைக் கடையில் மாதம் 2,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து ரூபாய் லாபம் என்றால், அந்த ஒரு குடும்பத்தால் ஆண்டுக்கு 2,400 ரூபாய் கிடைக்கிறது. இப்போது அந்த வீட்டுப் பையன், வண்டு விழுந்த 60 ரூபாய்ப் பருப்புப் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டு வருகிறான். "வாங்கும்போதே பார்க்க வேண்டியதுதானே?" என்று அனுப்பிவிடுகிறோம். 60 ரூபாய் மிச்சம் என்று நினைக்கிறோம். ஆனால் அன்று நாம் பணயம் வைத்தது 2,400 ரூபாயை. அந்தக் குடும்பம் தன் பக்கத்து வீட்டில் சொல்லப்போகும் வார்த்தை இந்தக் கணக்கில் சேரவில்லை.

புதியவர் ஒருவரைக் கடைக்குள் வரவழைக்கப் பணமும் நாளும் செலவாகும். ஏற்கெனவே வந்தவருக்கு நம் கடை தெரியும், வழி தெரியும், நம் முகம் தெரியும். அவரை மறுபடி வரவழைக்கத் தேவைப்படுவது பெரும்பாலும் நம் கவனம் மட்டுமே. சிறு வியாபாரிக்கு முதல் விளம்பரம், வந்தவரை மனம் கோணாமல் அனுப்புவதுதான். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஓட்டையை அடைக்க வேண்டும்.

பாடம் 2: வாடிக்கையாளர் நோட்டு

பெரிய கடைகளில் பில் போடும்போது நம் போன் நம்பரைக் கேட்கிறார்கள் அல்லவா? நாம் என்ன வாங்குகிறோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறோம், எப்போது வருவதை நிறுத்தினோம் என்பதையெல்லாம் அந்த எண்ணை வைத்துக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். நம் தெருமுனைக் கடைக்காரருக்கு இதெல்லாம் மனதிலேயே இருக்கும். எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், எந்த வீட்டுக்கு இட்லி அரிசி, எந்த வீட்டுக்குச் சீரகச் சம்பா என்பது அவருக்குத் தெரியும். இது நம் பலம். ஆனால் மனதில் மட்டும் இருந்தால், கடையில் மகன் உட்காரும் நாளில் அது உதவாது. வாடிக்கையாளர் கூடும்போது நமக்கே மறந்தும் போகும்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்:

பெயர், தெரு, போன் நம்பர். வழக்கமாக வாங்குவது என்ன. கடைசியாக வந்த தேதி. சிறப்பாகக் கவனிக்க வேண்டியது: தையல் என்றால் அளவும், கை நீளமும், கழுத்து மாதிரியும், சமையல் என்றால் காரம் குறைவா, எத்தனை பேருக்கு, மளிகை என்றால் எந்தக் கம்பெனி எண்ணெய், எந்த அரிசி. இறுதியாக, அவர் ஏதாவது குறை சொன்னாரா, அதற்கு நாம் என்ன செய்தோம்.

மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டுங்கள். வழக்கமாக வருகிறவர் இரண்டு மாதமாக வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு குறி இடுங்கள். அவரைப் பார்க்கும்போது, "ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள். அது குற்றம் சாட்டுவது போலிருக்கும். "நல்லா இருக்கீங்களா? பார்த்து நாளாச்சே" என்று கேளுங்கள். காரணம் இருந்தால் அவரே சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. நம்மிடம் கொடுக்கப்பட்ட எண் அமானிதம். ஒரு சகோதரியின் எண்ணை அவர் அனுமதியின்றி இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. அவரைக் கேட்காமல் வாட்ஸ்அப் குரூப்பிலும் சேர்க்கக்கூடாது. குரூப்பில் சேர்த்தால் அறிமுகமில்லாத எல்லோருக்கும் அவர் எண் தெரிந்துவிடும். அதற்குப் பதில் 'பிராட்காஸ்ட்' பட்டியலைப் பயன்படுத்துங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். எனவே, "என் நம்பரைப் பதிஞ்சுக்கங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாடம் 3: சொன்ன நாளில் கொடுப்பது

தையல், ஆரி வேலை, கேட்டரிங், மரவேலை, பிரிண்டிங் என்று ஆர்டரின் பேரில் நடக்கும் தொழில்களில் வாடிக்கையாளர் வாங்குவது பொருளை மட்டுமல்ல, ஒரு தேதியையும் சேர்த்துத்தான். கல்யாணத்துக்கு மறுநாள் வரும் பிரியாணியால் யாருக்கு என்ன பயன்?

நாம் வாக்குத் தவறுவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. கணக்குப் போடாமல் தலையாட்டுவதால்தான். நம் தையல் சகோதரியோடு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. மற்ற நாளில் அவரால் ஒரு நாளைக்கு நான்கு சுடிதார் தைக்க முடியும். ரமளானில் ஸஹர், நோன்பு திறக்கும் ஏற்பாடு, இரவுத் தொழுகை எல்லாம் போக மூன்றுதான் முடியும். 25 நாளுக்கு 75. மின்சாரம் போவது, காய்ச்சல் வருவது, அளவு திருத்துவது இவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 60. ஆக, 60 துணி வந்ததும் "பெருநாள் ஆர்டர் முடிந்தது" என்று வாசலில் எழுதி மாட்டிவிட வேண்டும். 61ஆவது துணியைக் கொண்டு வருகிறவரிடம், "பெருநாளுக்கு முடியாதுங்க, பெருநாள் கழிச்சு மூணாம் நாள் தர்றேன், பரவாயில்லையா?" என்று கேட்க வேண்டும். அவர் வேறிடம் போனாலும் நம்மேல் வருத்தத்தோடு போகமாட்டார். "அவங்க முடியும்னா முடியும்னு சொல்வாங்க, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுவாங்க" என்ற பெயர் நமக்கு மிஞ்சும்.

கொடுக்கும் தேதியைப் பெருநாளுக்கு முந்தைய இரவு என்று வைக்காமல் மூன்று நாள் முன்பே வையுங்கள். போட்டுப் பார்த்து, பிடித்தால் தளர்த்தவும் தளர்ந்தால் பிடிக்கவும் நேரம் வேண்டும். எப்படியும் தாமதமாகும் என்று தெரிந்தால், அவர் கேட்பதற்கு முன் நாமே போன் செய்து சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். வாசலில் வந்து நிற்கும்போது சொன்னால் அவருக்கு வேறு வழியில்லை.

பாடம் 4: குறையைச் சொல்லி விற்பது, குறை சொன்னால் கேட்பது

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த அதை விற்றவரிடம், ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும் நாம் அறிந்த செய்தி. இன்றைய கடைக்கும் அது அப்படியே பொருந்தும். தக்காளிக் கூடையின் அடியில் அழுகல், துணிப் பீஸின் மடிப்புக்குள் கறை, பழைய போனில் சொல்லாமல் விட்ட பேட்டரிக் கோளாறு. குறையைச் சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுத்தால் அது வியாபாரம். மறைத்துக் கொடுத்தால் அந்த ஒரு விற்பனையோடு அவர் போய்விடுவார்.

பல கடைகளில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைப் பார்க்கிறோம். பழக்கத்தில் எழுதி மாட்டியது. ஆனால் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் ஒரு காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும். விற்றதற்குப் பில் தராததும் அதே பட்டியலில் வருகிறது. ஆகவே அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, நம் தொழிலுக்குத் தக்க ஒரு விதியை எழுதி மாட்டுவதே நல்லது. உதாரணமாக: "அளவு சரியில்லையென்றால் 7 நாளுக்குள் இலவசமாகத் திருத்தித் தரப்படும்." "பாக்கெட்டில் குறை இருந்தால் பில்லுடன் கொண்டு வந்து மாற்றிக்கொள்ளலாம்." விதி முன்பே எழுதப்பட்டிருந்தால், இல்லாத குறையைச் சொல்லி வருகிறவரிடமும் சண்டையில்லாமல் பேசலாம்.

குறை சொல்ல வருகிறவர் நம்மை இன்னும் விட்டுவிடாதவர். விட்டுவிட்டவர் சொல்லமாட்டார். நம் சகோதரியின் வாடிக்கையாளர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் போனதை நினைத்துப் பாருங்கள். குறை சொல்ல வந்தவரை உட்கார வைத்து முழுவதும் கேளுங்கள். பத்துப் பேர் முன்னால் வாதம் செய்யாதீர்கள். நம் தவறு என்றால், "தப்பு எங்க மேலதான், சரி பண்ணித் தர்றோம்" என்று சொல்லுங்கள். சரி செய்து கொடுத்து ஒரு வாரம் கழித்து, "இப்ப சரியா இருக்கா?" என்று ஒரு போன் செய்யுங்கள். அந்த ஒரு நிமிடப் போன் பல நோட்டீஸ்களுக்குச் சமம்.

பாடம் 5: கடன் கொடுத்தால் எழுதுவது

நம் பகுதியில் கடன் இல்லாமல் மளிகைக் கடை நடத்துவது சிரமம். மாதச் சம்பளம் வரும் வீடும், வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீடும் கணக்கு வைத்துத்தான் வாங்குகின்றன. கடன் கொடுப்பது தவறல்ல, எழுதாமல் கொடுப்பதுதான் தவறு. அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தில் 282ஆவது வசனம், தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. சிறிய தொகையானாலும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது. எழுதுவதும் வேண்டும், இளகுவதும் வேண்டும்.

இதில் வியாபார நியாயமும் இருக்கிறது. நமக்குப் பாக்கி வைத்தவர் நம் கடை வழியே வரக் கூச்சப்படுவார். மறு தெருவால் சுற்றிப் போவார். கையில் காசு இருக்கும் நாளில் கூட வேறு கடையில் ரொக்கத்துக்கு வாங்குவார். பணமும் போய், ஆளும் போய்விடுவார்.

அதைத் தடுக்கச் சில வழிகள்: கணக்கை இரண்டு நோட்டில் எழுதி ஒன்றை அவரிடமே கொடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். அது மீறும் முன்பே சொல்லுங்கள். பாக்கியை மற்றவர் முன்னிலையிலோ, பிள்ளைகளிடமோ கேட்காதீர்கள். மொத்தமாகத் தர முடியாதவரிடம் வாரம் 100 ரூபாய் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கும் செய்தி இப்படி இருக்கட்டும்: "அக்கா, போன மாசக் கணக்கு 640 ரூபாய் இருக்கு. முடிஞ்சப்போ கொடுங்க. சாமான் வேணும்னா வழக்கம்போல வாங்க." கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கதவு திறந்திருக்கிறது என்று சொல்வது அதுதான்.

பாடம் 6: இனி விளம்பரம்

மேலே சொன்ன ஐந்தும் கைவந்த பிறகு புதியவரை அழைப்போம். இன்று செலவில்லாத வழிகள் சில இருக்கின்றன.

'வாட்ஸ்அப் பிசினஸ்' என்ற தனி ஆப் 2018 முதல் கிடைக்கிறது, இலவசம். அதில் கடையின் பெயர், முகவரி, திறந்திருக்கும் நேரம், பொருட்களின் படம், விலை எல்லாவற்றையும் பதியலாம். கடை மூடியிருக்கும் நேரத்தில் செய்தி அனுப்புகிறவருக்கு, "காலை 9 மணிக்குப் பதில் தருகிறோம்" என்று தானாகவே பதில் போகும்படி வைக்கலாம். பொருளின் படத்தை நம் போனில் நாமே எடுத்துப் போட வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த அழகான கேக் படத்தைப் போட்டுவிட்டு வேறொன்றைக் கொடுத்தால், நான்காம் பாடத்தின் ஈரத் தானியம்தான் அது.

கூகுள் மேப்பிலும் நம் கடையை இலவசமாகப் பதியலாம். "பக்கத்தில் தையல் கடை" என்று தேடுகிற புதுக்குடித்தனக்காரருக்கு நம் பெயர் தெரிய அது உதவும்.

வீட்டிலிருந்து ஊறுகாய், மசாலா, தின்பண்டம் செய்து விற்கும் சகோதரிகள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பொருளின் பெயர், எடை, சேர்மானம், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, விலை, தயாரிப்பவர் முகவரி எல்லாம் இருக்கட்டும். சட்டத்துக்காக மட்டுமல்ல, முன்பின் தெரியாத ஒருவர் நம் பொருளைக் கையில் எடுக்கும்போது அவருக்கு நம்பிக்கை தருவது அந்தச் சீட்டுதான்.

விலையைக் குறைத்து ஆளைப் பிடிக்க முயல வேண்டாம். விலைக்காக வந்தவர், அதைவிடக் குறைந்த இடம் கிடைத்ததும் போய்விடுவார். விலையை ஏற்றி எழுதிவிட்டுப் பாதித் தள்ளுபடி என்று போடுவதோ ஏமாற்று.

இன்னொன்று. நம் வாடிக்கையாளர் நம் மஹல்லாவோடு முடிந்துவிடுவதில்லை. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மட்டும் ஓடும் மெஷின், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்துக்கும் ஓடலாம். அக்கம்பக்கத்து எல்லாச் சமுதாய மக்களும் நம்மை நம்பித் துணி கொடுக்கும்படி நடந்துகொண்டால், அதில் தொழிலும் இருக்கிறது, நல்லுறவும் இருக்கிறது.

இந்த மாதப் பயிற்சி

1. உங்களிடம் அடிக்கடி வரும் 20 பேரின் பெயரை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்.

2. ஓர் ஆண்டாக வராமல் நின்றுபோன 5 பேரின் பெயரை எழுதுங்கள். ஏன் நின்றார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவதைப் பக்கத்தில் எழுதுங்கள். அவர்களில் ஒருவரையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

3. ஒரு நாளில் உங்களால் எவ்வளவு வேலை முடிக்க முடியும் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அடுத்த ஆர்டரின் தேதியை அந்தக் கணக்கை வைத்துச் சொல்லுங்கள்.

4. பொருளைத் திரும்பப் பெறும் விதியை இரண்டு வரியில் எழுதிக் கடையில் மாட்டுங்கள்.

முடிவாக

அந்தச் சகோதரியின் மெஷினை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நின்றுபோன வாடிக்கையாளர்களின் பெயரை நினைவிலிருந்து எழுதச் சொன்னோம். அந்தப் பெருநாளுக்கு உடுப்புக் கொடுக்க முடியாமல் போன வீடுகளுக்கு அவர் ஒவ்வொன்றாகப் போனார். முதல் வீட்டு வாசலில் நிற்கவே கால் கூசியது என்று பிறகு சொன்னார். "அன்னைக்கு உங்க பிள்ளையைப் பழைய சட்டையோட நிக்க வெச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். தைக்கத் துணி கேட்கவில்லை. சில வீடுகளில் தேநீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "இத்தனை மாசம் கழிச்சு வந்து சொல்றியே" என்று கோபப்பட்டார்கள். அவர்கள் பிறகும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதமே சிலர் பள்ளிச் சீருடையோடு வந்தார்கள். தவணை மெல்ல மெல்லக் கட்டி முடிந்தது. அந்தப் பணத்தில் இன்னொரு வீட்டில் இப்போது ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் கடன் மனுவிலும் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: "உங்கள் முதல் பத்து வாடிக்கையாளர்கள் யார்?" பதில் எழுதத் தெரியாதவருக்குக் கடன் இல்லை என்பதல்ல. அவரோடு உட்கார்ந்து நாமும் சேர்ந்து எழுத வேண்டும் என்பதற்காகத்தான். நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் தொழிலிலும் பரக்கத் செய்வானாக. அடுத்த இதழில், பொருளுக்கு விலை வைப்பது எப்படி என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.